சங்கர் காணாமல் போன மாநிலம்

அத்தியாயம் ஒன்பது

மதார் அந்தப் பர்மிட் தாளை மூன்றாம் முறையாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத்தில் முத்திரை, வண்டி எண், தேதி, போக்குவரத்து அலுவலகத்தின் கையெழுத்து எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அந்த ஒழுங்குதான் அவரை உறுத்தியது.

"மேடம், மாப்பிள்ளையே இல்லாம கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கான் இந்த வேன் ஓனர் கணேஷ்ராம்."

சித்ரலேகா கணினியிலிருந்து நிமிர்ந்தார். "புரியுத மாதிரி சொல்லுங்க பாய்."

கேட்டால் போதும், மதார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். மேலப்பாளையத்துக்காரர். முப்பது வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். நெடும்பயணம் கூடாது என்று முதுகெலும்பு டாக்டர் சொன்ன பிறகு, பாளையங்கோட்டையில் மாடி அறை ஒன்றில் நடக்கும் இந்தத் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். சித்ரலேகா அவரைவிடப் பத்து வயது இளையவர். இங்கே வருமுன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், செத்தவர்கள் உண்மையிலேயே செத்திருக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் வேலையில் இருந்தவர். அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை, மதார் உட்பட.

மதார் விளக்கினார். ஆல் இந்தியா பர்மிட் இல்லாத தமிழ்நாட்டு வேன் அடுத்த மாநிலத்துக்குள் போக இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலில் சொந்த ஊர் அலுவலகத்தில் ஸ்பெஷல் பர்மிட். பிறகு, எந்த மாநிலத்துக்குள் நுழைகிறதோ அந்த மாநிலத்துக்கு எல்லையில் வரி. மூன்று மாநிலம் போனால் மூன்று வரி, மூன்று ரசீது. இதில் ஸ்பெஷல் பர்மிட் என்பது வண்டிக்காகக் கொடுப்பதல்ல. ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும் ஒரு பயணத்துக்காகக் கொடுப்பது. யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் எழுதி அதோடு சேர்த்துக் குத்த வேண்டும்.

"கணேஷ்ராம் போலீஸ்ல என்ன சொல்லியிருக்கான்? சங்கர் காலி வண்டியோட ஆந்திராவுக்கு ஒரு பார்ட்டியை ஏத்தப் போனான், வழியில வண்டியைப் போட்டுட்டு ஓடிட்டான்னு. காலி வண்டிக்கு ஸ்பெஷல் பர்மிட்டே கிடையாது மேடம். இந்தா, இங்கன மூலையில பாருங்க, ரெண்டு பொட்டு ஓட்டை. பின் குத்தின இடம். பட்டியல் இருந்திருக்கு. பைய உருவிட்டுத்தான் நம்ம கையில குடுத்திருக்கான்."

சித்ரலேகா தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு ஓட்டைகளும் தெரிந்தன.

"அப்போ வண்டியில ஆள் இருந்திருக்கு," என்றார். "நடந்ததைப் பார்த்தவங்க இருக்காங்க."

நடந்தது 2019 ஜனவரியில். விக்கிரமசிங்கபுரத்துச் சங்கர், அம்பாசமுத்திரத்தில் டிராவல்ஸ் நடத்தும் கணேஷ்ராமின் வேனை எடுத்துக்கொண்டு வடக்கே போனான். பொங்கலன்று வேன் திரும்பியது. ஓட்டி வந்தவன் வேறு ஆள். சங்கரின் மனைவி கோமு புகார் எழுதிக் கொடுத்தாள். ஆந்திர மாநிலத்தில் கணவரைக் காணவில்லை என்று. போலீஸ் ஆந்திராவுக்கு எழுதியது. ஆந்திரப் போலீஸும் மாவட்டம் மாவட்டமாகத் தேடி நேர்மையாகவே பதில் போட்டது: இந்தப் பெயரில், இந்த அடையாளத்தில், உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை.

ஏழு வருஷம் முடிய இன்னும் ஒரு மாதம்தான். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றிச் சேதியே இல்லையென்றால் கோர்ட்டு அவரை இறந்தவராகக் கொள்ளலாம், மனுவில் கையெழுத்துப் போடு என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோமு போன வாரம் மாடியேறி வந்தாள்.

"எவகூடயோ குடித்தனம் நடத்துத மனுசனைச் செத்துட்டாருன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எம் மகளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

சித்ரலேகா இப்போது அவளுக்குப் போன் போட்டார். புறப்படுவதற்கு முந்தின நாள் சங்கர் வீட்டுக்கு என்ன கொண்டுவந்தான் என்று கேட்டார். என்ன பேசினான் என்று ஏற்கனவே நாலு முறை கேட்டாயிற்று. அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கோமு யோசித்துவிட்டு, ஒரு கட்டு உளுந்து அப்பளம் என்றாள். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லையாம். கடைப் பாக்கெட்டா என்றார் சித்ரலேகா. இல்லை, வாழைநாரால் கட்டியிருந்தது, ஈரம்கூடப் போகவில்லை, மறுநாள் வெயிலில் போட்டேன் என்றாள்.

"கல்லிடைக்குறிச்சி," என்று மதார் எழுந்தார். "அப்பளத்துக்குப் பேர்போன ஊரு. கடைக்காரன் காயாத அப்பளத்தை விக்க மாட்டான். வீட்டுல இட்டவங்க, டிரைவர் தம்பி கொண்டு போகட்டும்னு அவசரமாக் குடுத்திருக்காங்க. அப்பளம் இடுத வீடு, ஆந்திராக் கோயிலுக்கு வேன் பிடிக்குத வீடு. ரெண்டும் ஒரே தெருவுலதான் இருக்கும்."

ஒரே தெருவில் இல்லை. அடுத்த தெருவில் இருந்தது. அக்ரஹாரத்து முனையில் பூக்கட்டும் பெண்மணியிடம் கேட்டதும், வருஷா வருஷம் யாத்திரைக்கு ஆள் சேர்ப்பவர் ஜம்பு சார்தான் என்று வீட்டைக் கைகாட்டிவிட்டாள்.

ஜம்பு எண்பதைத் தொட்டவர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆந்திர யாத்திரையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்று சித்ரலேகா சொன்னதுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஆல்பத்தைத் தேடி எடுத்துவந்தார். அவருடைய மனைவி ஜயலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டார்.

ஆல்பம் ஒழுங்காக இருந்தது. அஹோபிலம், மந்திராலயம், ஸ்ரீசைலம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி. எல்லாப் பக்கத்தின் தலைப்பிலும் 'ஆந்திரா' என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு பேர் ஒரு கோயிலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் வெள்ளை வேனும், அதன் கதவைப் பிடித்தபடி சங்கரும்.

மதார் சங்கரைப் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் நின்ற மூன்று ஆட்டோக்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சாமி, இது எந்த ஊரு?"

"பத்ராசலம். ராமர் கோயில். ஆந்திராதான்."

"ஆந்திரா இல்லை," என்றார் மதார். "மூணு ஆட்டோவும் டி.எஸ். நம்பரு."

பிறகு சித்ரலேகாவுக்காக விளக்கினார். 2014 ஜூன் வரை அந்தப் பக்கம் முழுவதும் ஏ.பி. என்ற ஒரே எழுத்துதான். மாநிலத்தை இரண்டாகப் பிரித்த பிறகு தெலங்கானாவில் பதிவான வண்டிகளுக்கு டி.எஸ். வந்தது; இப்போது அதையும் மாற்றி டி.ஜி. ஆக்கிவிட்டார்கள். லாரியென்றால் எந்த ஊரிலும் நிற்கும். கார் என்றாலும் சொல்ல முடியாது. ஆட்டோ மாநிலம் தாண்டிச் சவாரி போகாது. ஒன்று தப்பி வந்திருந்தாலும் மூன்றும் தப்பி வராது.

"நம்மூருல தெலுங்கு பேசினா ஆந்திரா, முடிஞ்சுது கதை. நானே வீட்டுல ஹைதராபாத்துக்குப் போறப்போ ஆந்திராவுக்குப் போறேன்னுதான் சொல்லுவேன். ஆனா செக்போஸ்ட்காரன்கிட்ட அப்படிச் சொன்னா வண்டியை ஓரம் கட்டிருவான். அங்கன வேற அரசாங்கம், வேற போலீஸ், வேற பதிவேடு. ஆந்திராக்காரன் தன் வீட்டு அலமாரியைத்தான் தேடிப் பார்த்திருக்கான். பக்கத்து வீட்டு அலமாரியை அவன் எப்படித் திறப்பான்?"

ஜம்பு படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். ஜயலக்ஷ்மி கதவோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"அந்தப் பிள்ளை அப்பவே சொன்னான்," என்றார். "பத்ராசலம் நம்ம திட்டத்திலேயே கிடையாது. இவ்வளவு தூரம் வந்துட்டு ராமரைப் பாக்காமப் போறதான்னு நான்தான் கேட்டேன். 'அது வேற ஸ்டேட்டு மாமி, தனியா வரி கட்டணும், ஓனரைக் கேக்கணும்'னான். 'பிரிச்சா மட்டும் ராமர் நகர்ந்துட்டாரா'ன்னு நான் கேலி பண்ணினேன். ஓனருக்குப் போன் போட்டான். அவர், எல்லாம் ஆந்திராதான், ராத்திரிக்குள்ள போயிட்டு வந்துடுன்னு சொல்லிட்டார்."

சித்ரலேகா குரலைத் தாழ்த்தினார். இதுதான் கேள்வி. வண்டியை விட்டுவிட்டு ஓடியவன் எங்கே விட்டுவிட்டு ஓடினான், யாரோடு போனான்.

"மாமி, டிரைவர் உங்களை எங்கே விட்டுட்டுப் போனார்?"

ஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனார்.

"எங்கே விட்டுட்டுப் போனான்னு கேக்கறேளே. கோதாவரிக் கரையில நாங்க ஸ்நானம் பண்ணிட்டு ஏறி வரோம், ஸ்டியரிங்மேல தலையை வச்சுண்டு கிடக்கான். நெஞ்சைப் பிடிச்சுண்டு. ஆட்டோவில தூக்கிப் போட்டுண்டு போனோம். ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரம் இருந்தான். அவ்வளவுதான். அவன் ஆத்துக்காரி எப்படி இருக்கா? பொண்ணு ஒண்ணு உண்டுன்னு சொன்னான், படிக்கறாளா?"

 வாயில் எப்போதும் ஏதாவது தயாராக வைத்திருக்கும் மதார் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.  

மிச்சத்தை ஜம்பு சொன்னார். கணேஷ்ராமிடம் அவரே போனில் பேசினாராம். வீட்டுக்குச் சொல்லியாச்சு, தம்பிக்காரன் ஆம்புலன்ஸோடு புறப்பட்டாச்சு, விஜயவாடாவிலிருந்து மாற்று டிரைவரை அனுப்புகிறேன், நீங்கள் பயணத்தை முடியுங்கள் என்றானாம். ஒரு நாள் காத்திருந்தார்கள். மாற்று டிரைவர் வந்தான். சங்கரின் போனையும் சட்டைப்பையில் இருந்ததையும் அவனிடம் கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் துக்கம் கேட்கப் போக வேண்டும் என்று ஜம்பு சொன்னபோது, காரியமெல்லாம் முடிந்தது, அந்தப் பெண் பிறந்த வீட்டோடு போய்விட்டாள், வேனைப் பார்த்தாலே மயங்கி விழுகிறாள், போகாதீர்கள் என்று கணேஷ்ராம் தடுத்துவிட்டான். மார்கழியில் அந்தத் தேதி வந்தால் ஜயலக்ஷ்மி சங்கரின் பெயரைச் சொல்லி யாராவது ஒருவருக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுகிறார். ஆறு வருஷமாக.

கல்லிடைக்குறிச்சிக்கும் விக்கிரமசிங்கபுரத்துக்கும் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணி.

"ஆஸ்பத்திரியில ஏதாவது சீட்டு குடுத்தாங்களா சார்?" என்றார் சித்ரலேகா.

தபால் இலாகாவில் வேலை பார்த்த மனிதர் சீட்டைத் தூக்கிப் போடுவாரா. ஆல்பத்தின் கடைசி உறையில், கோயில் ரசீதுகளுக்கு நடுவே அது இருந்தது. ஜம்புவுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. மதாருக்குக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய தெலுங்கு. தலைப்பில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்: தெலங்கானா அரசு. கீழே சங்கர், வயது 38, ஓட்டுநர், திருநெல்வேலி. கொண்டுவந்தவர் ஜம்பு. தொடர்புக்கு ஒரு போன் எண். அதைச் சித்ரலேகா தன் போனில் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. காலையில்தான் அந்த எண்ணில் கணேஷ்ராமை அழைத்துப் பர்மிட்டைக் கேட்டிருந்தார்.

காரில் ஏறியதும் மதார் அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துத் தட்டுத்தடுமாறிய தெலுங்கில் பேசினார். பதிவேட்டைப் பார்த்த அலுவலர் பொறுமைசாலி. பெயர் இருக்கிறது என்றார். மூன்று முறை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டதாகக் குறிப்பும் இருக்கிறதாம். வருகிறோம் என்றார்களாம், வரவில்லையாம். உரிமை கோர ஆள் வராத உடலைச் சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருக்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் குடும்பத்தார் நேரில் வர வேண்டும்.

அடுத்த அழைப்பு சித்ரலேகாவுடையது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கணேஷ்ராம் அண்ணாச்சி, தெலங்கானா வரி ரசீதை மட்டும் குடுக்காம விட்டுட்டீங்களே."

மறுமுனையில் யாரோ டயர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"அங்கன யாரு போனா?"

"சங்கர் போனாரு. இன்னும் அங்கனதான் இருக்காரு."



"நான் ஆந்திரான்னுதான சொன்னேன்," என்றான் கணேஷ்ராம். "ஊரே அப்படித்தான சொல்லுது. இதுல நான் என்ன பொய் சொல்லிட்டேன்?"

லைன் துண்டிக்கப்பட்டது. சித்ரலேகா போனைப் பையில் போட்டார். வேலையில் இருக்கும்போது டிரைவர் இறந்தால் முதலாளி பொறுப்பு. இன்சூரன்ஸ் அதை ஏற்க வேண்டுமென்றால், வண்டி போன இடத்துக்கு அனுமதி இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்கும். தெலங்கானாவுக்கு அனுமதியும் இல்லை, வரியும் இல்லை. நஷ்டஈடு முழுக்க முதலாளி தலையில்தான் விழும். காகிதப்படி வேன் போகவே போகாத மாநிலத்தில் டிரைவர் எப்படிச் சாவான்? அதனால் கணேஷ்ராம் அவனை ஆந்திராவில் ஓடிப்போனவனாக்கிவிட்டான். அதை யாரும் சோதிக்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். கோமு புகார் எழுதும்போது பக்கத்தில் நின்று, 'ஆந்திரான்னு எழுதும்மா' என்று எடுத்துக்கொடுத்தவனும் அவன்தான்.

"இந்த வாரமே புதுப் புகார்," என்றார் சித்ரலேகா. "இந்தத் தடவை சரியான மாநிலத்துப் பேரோட."

மதார் வண்டியை எடுத்தார். ஆற்றுப் பாலம் தாண்டி விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனார்கள்.

கோமு முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சித்ரலேகா அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். செத்தவர் வீடுகளில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து பழகியவருக்கு, நீட்டி முழக்குவதுதான் கொடுமை என்று தெரியும்.

கோமு அழவில்லை. மடியிலிருந்த தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாராம். அந்த மாமி குடுத்திருக்காங்க. கூடவே இருந்திருக்காங்க."

அவள் தலையாட்டினாள். தனக்குத்தானே பேசுவதுபோல் பேசினாள். ஏழு வருஷமாகக் காலையில் எழுந்ததும் அவனை வைதுவிட்டுத்தான் முகம் கழுவுவாளாம். விளங்க மாட்டான், நல்ல சாவு வராது என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவன் மண்ணுக்குள் கிடந்திருக்கிறான்.

"நான் முதல்ல நம்பலைம்மா," என்றாள். "கணேஷ்ராம் சொன்னப்போகூட நம்பலை. அந்த மனுசன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு எனக்குத் தெரியும். பிறவு ஊரெல்லாம் அந்தப் பேச்சு வந்துட்டு. ஜங்ஷன் வேன் ஸ்டாண்டுல எவனோ ஒரு டிரைவர் சொன்னானாம், 'சங்கர் ஆந்திராவுக்கு மருமகனாப் போயிட்டான்லே, இனி அவனுக்கு செக்போஸ்ட்ல வரியே கிடையாது'ன்னு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. பள்ளிக்கூடத்துல எம் மகளை ஆந்திரா மருமகன் மகள்னு கூப்பிட்டாங்க. அத்தனை டிரைவர் சொல்லுதானே, தெரியாமலா சொல்லுவான்னு நானும் நம்பிட்டேன்."

சித்ரலேகா எதேச்சையாகத் திரும்பினார். மதாரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

மதாருக்கு ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை ஞாபகம் வந்தது. டீ கிளாஸ், பானெட்டில் சாய்ந்திருந்த மூன்று நான்கு பேர். அம்பாசமுத்திரத்து வேன் ஒன்றின் டிரைவர் ஆந்திராவில் காணாமல் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். பெயரை மட்டும்தான் கேட்டார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று தெரியாது. தயாராக இருந்த வாயிலிருந்து அது வந்துவிட்டது. நல்ல சிரிப்பு கிடைத்தது. ஒருவன் மறுபடியும் சொல்லச் சொன்னான், சொன்னார். அன்று மாலையே அதை வேறு யாரோ தனக்கே திருப்பிச் சொல்லக் கேட்டு, நம்ம சரக்கு ஊர் சுற்றுகிறதே என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது.

தெலங்கானாவுக்குத் தனி வரி உண்டென்பது அன்றைக்கே தெரிந்த மனிதர் அவர். எந்த ஊரில், எந்த மாநிலத்தில் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அதைச் சொன்னது நான்தாம்மா," என்றார்.

கோமு நிமிர்ந்து பார்த்தாள்.  ஏழு வருஷமாக ஒருவனை வைதுவந்த வாய், இப்போது வைய வேண்டிய ஆள் எதிரே நிற்கும்போது மகளைக் கூப்பிட்டது. ராஜி, என்றாள் வீட்டுக்குள் திரும்பி.

ராஜராஜேஸ்வரிக்குப் பதினேழு வயது. புத்தகத்தில் விரலை அடையாளம் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இவரு உங்க அப்பாவைப் பத்திச் சேதி கொண்டு வந்திருக்காரு," என்றாள் கோமு. "நான் சொல்ல மாட்டேன். இவர் வாயாலேயே கேளு."

மதார் தரையில் உட்கார்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. எங்கே என்பதிலிருந்து தொடங்கினார். தெலங்கானாவில், பத்ராசலம் என்ற ஊரில், கோதாவரிக் கரையில்.

"தெலங்கானாவா?" என்றாள் அந்தப் பெண். "அப்பா ஆந்திராவுக்குப் போனாங்கன்னுல்லா எல்லாரும் சொன்னாங்க."

"ஆமாம்மா," என்றார் மதார். "எல்லாரும் சொன்னோம்."